நாற்பதாவது குடை

இக்கதையை எனக்குச் சொன்னவர் ஒரு பள்ளியில் மணியடிக்கும் பணியாளர். ஆண்டுத் தேர்வு முடிந்த மறுவாரம், விடைத்தாள் கட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார். நான் எழுதிக்கொண்ட வடிவம் இது.

கல்வித்துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது: 'மாணவர் அனைவரும் செயற்கை நுண்ணறிவுக் கருவியின் துணையுடன், நாளை காலை பத்து மணி முதல் பத்தே முக்கால் வரை, சுயமாகச் சிந்திக்கக் கடவர். தலைப்பு: குடை.'

கருவி ஒவ்வொரு பிள்ளையிடமும், "உன் வீட்டுக் குடையைப் பத்திச் சொல்லேன்" என்று கேட்டது. முப்பத்தொன்பது பேர், "நீயே எழுதிடு" என்றார்கள். எழுதிவிட்டது. ஒருத்தி மட்டும் கேட்டதற்குப் பதில் சொன்னாள். "நல்லாருக்கே, அதையே எழுது" என்றது கருவி.

மதிப்பெண் இட வந்த கல்வி ஆய்வாளர் தாள்களைப் புரட்டினார். முப்பத்தொன்பதிலும், 'குடை மனிதகுலத்தின் உற்ற தோழன்.' நாற்பதாவதில், 'எங்கள் வீட்டில் ஒரே குடை. மழை வந்தால் அம்மாவும் அப்பாவும் சண்டையை நிறுத்திவிட்டுச் சேர்ந்து போவார்கள்.'

"டீச்சர், இது காப்பி."

"யாரைப் பார்த்து சார்? வேற யாருமே இப்படி எழுதலையே!"

"அதான் சந்தேகம். வகுப்புலயே இல்லாததை எங்கிருந்து எடுத்தா?"

"வீட்டுல இருந்து சார்."

"வெளியார் உதவி. குறிச்சுக்குங்க."

முறைப்படி கருவியும் சாட்சியாக விசாரிக்கப்பட்டது.

"இதை நீ எழுதினியா?"

"இல்லை. அவளே யோசித்து எழுதினாள்."

"கேட்டீங்களா டீச்சர்? கருவியோட துணை இல்லாம சிந்திச்சிருக்கா!"

தீர்ப்பு வந்தது: சொந்த நடையில் மன்னிப்புக் கடிதம், தவறினால் இன்னும் ஓராண்டு அதே வகுப்பு.

"என்ன தப்பு பண்ணேன்னு எழுதறது டீச்சர்?" என்று சிறுமி அழுதாள்.

டீச்சர் கதவைச் சாத்திவிட்டுக் கருவியை அவள் பக்கம் திருப்பினார். "இந்தத் தடவை அது என்ன கேட்டாலும் பதில் சொல்லாதே கண்ணு. 'நீயே எழுதிடு'ன்னு மட்டும் சொல்லு."

'மன்னிப்பு மனிதகுலத்தின் உற்ற தோழன்' என்று தொடங்கிய கடிதத்தைப் படித்து ஆய்வாளர் கண் கலங்கினார். அவ்வாண்டின் சுயசிந்தனைப் பரிசு அக்கடிதத்துக்கே வழங்கப்பட்டது.

வேறு முடிவும் உண்டு. சிறுமி எழுத மறுத்து அதே வகுப்பில் தங்கினாள் என்று அப்பள்ளியின் வேறு பிள்ளைகளுடைய பெற்றோர் மூவர், ஆளுக்கொரு விதமாக, பெருமை பொங்கச் சொன்னார்கள். "உங்கள் பிள்ளையாக இருந்தால்?" என்று கேட்டேன். அவ்விடத்தில் மட்டும் பாடபேதம் இல்லை:

"'நீயே எழுதிடு'ன்னு சொல்லச் சொல்லியிருப்பேன்."