ஒண்ணா ரெண்டா சார் வாங்கிய வழிகாட்டி

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் பிறந்த மனிதர்களில், ஒரு பொருளை வாங்குவதற்கு முன் ‘ஒண்ணா ரெண்டா’ சார் அளவுக்குக் கடைக்காரர்களைப் படுத்தியவர் இன்னொருவர் இருக்க முடியாது. மறுத்துப் பேச யாராவது வந்தால் வரட்டும். அவரோடு கடை கடையாக அலைந்தவன் நான்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருமுனையில் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. போனவுடன் நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கின் மேல் கனமான ஒரு சோதனை பிரேமை மாட்டிவிடுவார். அதில் லென்ஸைப் போட்டுப் போட்டு எடுத்து, “இது ஒண்ணு… இது ரெண்டு. ஒண்ணு தெளிவா, ரெண்டு தெளிவா?” என்று கேட்பார். எல்லாக் கண்ணாடிக்கடையிலும் கேட்கிற கேள்விதான். மற்றவர்கள் ஷட்டரை இறக்கும்போது அதையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்கள். இவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவார்.

காபிப்பொடி மாற்ற வேண்டுமென்றால் இரண்டு டம்ளர் காபி வரும். நான் கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். அவர் வீட்டு முன்னறைச் சுவர் பாதி வெளிர்நீலமும் பாதி இளம்பச்சையுமாக இரண்டு பொங்கலைப் பார்த்துவிட்டது. பெயின்டர் அந்தத் தெருப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு கடையில் மெத்தை வாங்கப் போனவர், இரண்டு மெத்தையிலும் மாறி மாறிப் படுத்துப் பார்த்ததில் இரண்டாவதில் தூங்கிப்போனார். கடைக்காரர் நல்ல மனிதர், மின்விசிறியைப் போட்டுவிட்டார்.

“உங்களைப் பொண்ணு பார்க்க வந்தப்பவும் இப்படித்தான் கேட்டாராக்கா?” என்று அவர் மனைவி கோமதி அக்காவிடம் ஒருநாள் கேட்டேன். அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். யோசிக்காமல் பதில் சொல்வார்.

“அன்னிக்கு ஒரு நாள்தான் கேக்கல. கண்ணாடி போட மறந்துட்டு வந்திருப்பாரு.”

கேலி ஒருபக்கம் இருக்கட்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த மனிதர் லென்ஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பச்சைமலைக்குப் போய்விடுவார். துறையூர் போய், அங்கிருந்து மலை பஸ் பிடித்து, பஸ் நிற்கிற இடத்திலிருந்து காட்டுப்பாதையில் நடந்து ஒரு குக்கிராமம். மரவள்ளியும் சாமையும் போடுகிற குடும்பங்கள். கண்ணைச் சோதித்துவிட்டு வருவார், அடுத்த மாதம் கண்ணாடியோடு போவார். காசைப் பற்றி நான் ஒருமுறை கேட்டதற்கு, “மரவள்ளிக்கிழங்கு ஒண்ணா, தேன் ரெண்டா, எது வேணும் உனக்கு?” என்று பையைத் திறந்து காட்டினார். தேனை எடுத்துக்கொண்டேன்.

அப்படிப் போன ஒருமுறைதான் தொலைந்துபோனார். வழக்கமாக ஊர்க்காரர் யாராவது பஸ் வரைக்கும் கூட வருவார்கள். அன்று, “எனக்குத் தெரியாத வழியா?” என்று தனியாகக் கிளம்பியிருக்கிறார். பஸ்ஸைப் பிடிக்கவில்லை. காட்டுக்குள் எங்கேயோ ஒரு மேட்டில் ஏறியதும் போனில் டவர் கிடைத்து வீட்டுக்கு அடித்திருக்கிறார். வீட்டில் டவர் கிடையாது. பழைய காலத்துச் சுவர், வாசலுக்கு வந்தால்தான் போன் பேச முடியும். அக்கா உள்ளே காத்துக்கொண்டிருந்தார். அவர் அடித்தது வந்து சேரவே இல்லை. வேறொரு கிராமத்தார் அவரைக் கண்டெடுத்து, சோறு போட்டு, காலையில் பஸ் ஏற்றிவிட்டார்கள். வீட்டுக்குள் நுழைந்தவரிடம் அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“இனிமே மலைக்குப் போகணும்னா ரெண்டு விஷயம் வேணும். வழி காட்டறதுக்கு உங்க கையில ஒண்ணு. நீங்க போன் பண்ணா வந்து சேர்றதுக்கு இந்த வீட்டுல ஒண்ணு. ரெண்டும் வர்ற வரைக்கும் பச்சைமலைங்கற பேச்சே இந்த வீட்டுல கூடாது.”

வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு ‘ஒண்ணா ரெண்டா’ என்று கேட்க வழியில்லாமல் போயிற்று. இரண்டும் வேண்டும்.

அவசரமும் இருந்தது. மலையில் செல்வி என்று ஒரு தையல்காரம்மா. நாற்பதைத் தாண்டியதும் ஊசியில் நூல் கோக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தவர். ஊர்த் திருவிழா நெருங்குகிறது, தைக்க வேண்டிய துணி குவிந்து கிடக்கிறது, மிஷின் சும்மா நிற்கிறது. அவருக்கான கண்ணாடி தயாராகிக் கடையின் கண்ணாடி அலமாரியில் இருந்தது. சார் தினமும் அதை எடுத்துத் துடைத்து வைப்பார். வேறு யாரிடமாவது கொடுத்தனுப்பலாமே என்றேன். “மூக்குல உக்கார வச்சு, காது மடலுக்கு வளைச்சு விடணும்டா. பார்சல் பண்றதுக்கு அது என்ன முறுக்கா?” என்றார்.

எனவே ஜிபிஎஸ். நான் புத்திசாலித்தனமாக, “போன்லயே மேப் இருக்கே சார்” என்றேன். அவர் என் போனைப் பிடுங்கி நெட்டை அணைத்துவிட்டு, “இப்ப காட்டு பச்சைமலையை” என்றார். வெறும் சாம்பல் கட்டங்கள் வந்தன. அத்தோடு வாயை மூடிக்கொண்டேன்.

கன்டோன்மென்ட் பக்கம் சர்வே கருவி விற்கிற கடையில், கையில் பிடிக்கிற மாதிரி இரண்டு கருவிகளைக் காட்டினார்கள். ஒன்றில் பட்டன், இன்னொன்றில் தொடுதிரை. இரண்டும் பழைய காலச் செங்கல் போன்போலத்தான் இருந்தன. இவர் முதலில் இரண்டையும் கடைக்கோடியில் நிற்கவைத்து, தள்ளி நின்று எழுத்தைப் படித்துப் பார்த்தார். பிறகு கடைக்காரருக்குக் கண் சோதித்தார். அந்த மனிதருக்குக் கிட்டப்பார்வை இருப்பது அன்றுதான் அவருக்கே தெரிந்தது. அந்த நன்றியில் இரண்டு கருவிகளையும் ஒரு வாரம் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

மலைக்கோட்டைச் சந்துகளில் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு நடந்தோம். நான் ஒரு பாத்திரக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். தொடுதிரைக் கருவி நான் தெப்பக்குளத்துத் தண்ணீரின் நடுவில் நிற்பதாகச் சொன்னது. மறுநாள் வியர்த்த விரலுக்கு அது அசையவும் மறுத்தது. பட்டன்தான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவருக்கு இன்னும் நாலு நாள் பிடித்தது.

கடைசிச் சோதனை எங்கள் ஊரிலேயே நடந்தது. தெற்குச் சித்திரை வீதியில் நின்றுகொண்டு, கிழக்குச் சித்திரை வீதியில் இருக்கும் ஒரு மாவுக்கடையைக் கருவியில் குறித்தோம். அம்புக்குறி கிழக்கே காட்டியது. இவர் மேற்கே நடக்க ஆரம்பித்தார்.

“சார், கடை அந்தப் பக்கம்.”

“கோயில் இந்தப் பக்கம். பிரதட்சிணமாத்தான் போகணும்.”

கோயில் எப்போதும் வலதுகைப் பக்கமாகத்தான் இருக்க வேண்டும் அவருக்கு. ஸ்ரீரங்கத்தில் யாரும் மாவு வாங்குவதற்கு அப்படிச் சுற்றுவது கிடையாது. இவர் காலுக்கு வேறு பழக்கமே இல்லை. ஸ்கூட்டரிலும் அப்படித்தான். கருவி வழி தப்பிவிட்டாய் என்று கூவிக்கொண்டே வந்தது. மேற்கு வீதியைப் பார்த்து, வடக்கு வீதியைப் பார்த்து, நாங்கள் மாவுக்கடைக்கு வந்தபோது மாவு தீர்ந்துவிட்டிருந்தது. “மெஷின் நல்ல மெஷின்தான். அதுக்கு ஆசாரம்தான் கொஞ்சம் பத்தாது” என்று பட்டன் கருவிக்குச் சான்றிதழ் கொடுத்தார்.

அடுத்தது நெட். வீட்டில் வைஃபை இருந்தால் டவர் இல்லாமலே போன் வந்து சேரும். ஒரு பெரிய கம்பெனியிலிருந்து டை கட்டிய விற்பனை ஆள் வந்தார். தெருவுக்குக் கேபிள் டிவி கொடுக்கும் முருகேசனும் இப்போது நெட் தருகிறார், அவரும் வந்தார். சார் இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். கம்பெனிக்காரர் வேகத்தைப் பற்றிப் பேசினார், எத்தனை படம் பார்க்கலாம் என்று பேசினார். சார் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தன் கேள்வியைக் கேட்டார்.

“மழை பெய்யுது. மரம் சாஞ்சு ஒயர் அறுந்து போச்சு. நான் மலையில இருக்கேன், வீட்டுல இவ தனியா இருக்கா. யார் வருவா?”

“நீங்க ஆப்ல கம்ப்ளெயின்ட் போட்டீங்கன்னா சார், எங்க டீம் உங்களை கான்டாக்ட் பண்ணுவாங்க.”

“நெட் இல்லாம ஆப்ல எப்படிங்க போடறது?” என்றார் அக்கா. கம்பெனிக்காரர் டையைத் தளர்த்திக்கொண்டார்.

சார் முருகேசனைப் பார்த்தார்.

“நான்தாங்க வரணும். வேற யாரு வருவா? ரெண்டு வீடு தள்ளித்தானே இருக்கேன்” என்றார் முருகேசன்.

முடிந்தது. ஆனால் மோடத்தை எங்கே வைப்பது என்பதில் இன்னொரு வாரம் போயிற்று. நான் அதை அறை அறையாக மாற்றி வைக்க, இவர் காவிரிக்கரையில் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய் அங்கிருந்து வீடியோவில் கூப்பிடுவார்.

“இது ஒண்ணு… இருடி, தம்பி மோடத்தை மாத்தி வைக்கட்டும்… இது ரெண்டு. எது தெளிவு?”

“ரெண்டுலயும் நீங்கதான் வர்றீங்க. இதுல நான் எதைன்னு சொல்றது?”

கடைசியில் மோடம் பிரிட்ஜ் மேல் உட்கார்ந்தது. கரண்ட் போனாலும் ஓட ஒரு சின்ன பேட்டரி. அக்கா நடு அறையில் நின்றுகொண்டே போன் பேசினார். அந்த ஞாயிற்றுக்கிழமை செல்வியின் கண்ணாடியோடு மலைக்குக் கிளம்பினோம். என்னைத் துணைக்கு அனுப்பியது அக்கா.

கருவி வழியெல்லாம் எங்கள் தடத்தைப் பதிந்துகொண்டே வந்தது. கிராமத்தில் செல்வியை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, கண்ணாடியை மாட்டி, காதுப் பக்கம் வளைத்துவிட்டார். ‘ஒண்ணா ரெண்டா’ என்று கேட்கப்போகிறார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. ஊசியையும் நூலையும் நீட்டினார். செல்வி ஒரே தடவையில் கோத்துவிட்டு, ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத்தன நாளு ஊசிக் காதுல குத்தறதா நெனச்சு பக்கத்துல குத்திக்கிட்டு இருந்திருக்கேன் சார்” என்று சிரித்தார். நாங்கள் கிளம்புவதற்குள் உள்ளேயிருந்து மிஷின் சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சார் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார்.

திரும்பும் வழியில்தான் அது நடந்தது. பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில், நடுவில் ஒரு சின்ன அம்மன் கோயில். ஒரு கல், ஒரு சூலம், மஞ்சள் துணி. கருவி வலது பக்கம் போ என்றது. சார் நின்றுவிட்டார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

“என்ன சார்?”

“முன்னாடி இங்க வெறும் மரம்தான் இருந்துச்சு. கோயில் புதுசு. வலது பக்கம் போனா சாமி இடது கைக்கு வந்துடும்.”

எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று.

“சார்… அன்னிக்கு இதனாலயா இடது பக்கம் போனீங்க?”

“எங்கயாவது போய் சேர்ந்துக்கும்னு நெனச்சேன்” என்றார், பள்ளிக்கூடப் பையன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. “கோமதிகிட்ட சொல்லாத.”

மலையே அதிரும்படி சிரித்திருப்பேன். அந்த முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. ஒரு ராத்திரி முழுக்க அக்காவை அழவைத்தது இந்த அரை அடிக் கோயில். ஆனாலும் இந்த மனிதர் அடுத்த மாதமும் இங்கேதான் வந்து நிற்கப்போகிறார், கருவி ஒன்று சொல்லும், கால் ஒன்று சொல்லும்.

“ஒரு சுத்து சுத்திடுங்க சார். முழுசா பிரதட்சிணம் பண்ணிட்டு, அம்மன்கிட்ட சொல்லிட்டு வலது பக்கம் போங்க. அப்புறம் யாருக்கு என்ன குறை?”

என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். சுற்றினார். கருவி கூவியது, கேட்டுக்கொள்ளவில்லை. பஸ் கிளம்புவதற்குள் ஓடிப்போய் ஏறிவிட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கருவியை கம்ப்யூட்டரில் செருகினார். நாங்கள் நடந்த பாதை திரையில் கோடாக வந்தது. ஓரிடத்தில் குட்டியாக ஒரு வட்டம்.

“இது என்ன முடிச்சு?”

நான் கூரையைப் பார்த்தேன். சார் மோடத்தைப் பார்த்தார். அக்கா கணக்கு டீச்சர் அல்லவா, இருவரையும் மாறி மாறிப் பார்த்தே விடையைப் போட்டுவிட்டார். சார் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் அவர் தனியாகப் போனார். சாயங்காலம் நெட் சரியாக வருகிறதா என்று பார்க்கிற சாக்கில் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். நெட்டுக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருந்தது. அக்காவும் அதைத்தான் சொன்னார். இருந்தும் நான் கிளம்பவில்லை, அவரும் போகச் சொல்லவில்லை. மோடத்தின் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். போன் அடித்தது.

“பஸ் ஏறிட்டேன்.”

அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“சுத்தினீங்களா?”

“சுத்திட்டேன்.”

வந்ததிலிருந்து நான் உட்காரவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. உட்கார்ந்தேன்.