அப்பா கையில் இருக்கும் புத்தகம்

அன்பு மிகுந்த அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் என் வீட்டுக்காரியும் மாடியில் குடியிருப்பவர்களும் சௌக்கியம், ஹாலில் மாட்டியிருந்த அப்பாவைத் தவிர. அவரும் தேறிவருகிறார். அங்கே உன் முட்டிவலியும் அத்தானின் இருமலும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்தது. அப்பாவுக்கு இருப்பது அந்த ஒரே ஒரு படம்தான், வீட்டைப் பிரித்தபோது எல்லாம் உனக்கே வந்தது, இதையாவது எனக்குக் கொடுடா என்று எழுதியிருக்கிறாய். கூடவே, அப்பா வாழ்நாளில் கோட் போட்டதே இல்லை, நான் சிறுமியாக இருந்தபோது அந்தப் படம் இப்படி இல்லவே இல்லை என்று ஒரு வரி. படம் விஷயத்தில் என் பதில்: முடியாது. கோபித்துக்கொள்ளாமல் யோசி. படத்தில் அப்பா கையில் என்ன இருக்கிறது? புத்தகம். தலைகாணி மாதிரி தடிப் புத்தகம். நம் இருவரில் படித்தது யார்? நீ எட்டாவதோடு நின்றுவிட்டாய், நான் பட்டம் வாங்கினேன். அப்படியானால் அப்பா யாரை நினைத்து அந்தப் படத்துக்கு உட்கார்ந்தார் என்று வேறு சொல்ல வேண்டுமா? 'புத்தகத்தை யாராவது இப்படி ரெண்டு கையாலயும் அணைச்சுப் பிடிப்பாங்களாடா?' என்று நீ அந்தக் காலத்திலேயே கேட்டாய். அதற்கும் இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. ஓய்வு பெற்றபின் ஞாயிற்றுக்கிழமைகளில் அருங்காட்சியகத்தில் ஓவிய வகுப்புக்குப் போகிறேன். ஓவியன் ஆளை வரைவதில்லை அக்கா, தன் காலத்தைத்தான் வரைகிறான். அது கல்விக்கு மதிப்பிருந்த காலம். அதனால் புத்தகத்தை அப்படிப் பக்தியோடு ஏந்த வைத்திருக்கிறான். இதைப் படித்துவிட்டு நீ வழக்கம்போல ஒரு கையின் நடு விரல்கள் இரண்டையும் உதட்டில் வைத்து யோசிப்பாய். நன்றாக யோசி.

ஆனால் அந்தக் கோட் விஷயம் மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. படம் அப்படியேதான் இருக்கிறது என்று உனக்கு நிரூபித்துவிடலாமே என்று அதை இறக்கி, தூசி போகட்டும் என்று பாத்திரம் தேய்க்கிற நாரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, மெதுவாகத்தான், மிக மெதுவாகத்தான் ஒரு மூலையில் தேய்த்தேன். அப்பாவுக்குப் பின்னால் அருவி ஒன்று கொட்டுமே, அது நிஜமாகவே கொட்ட ஆரம்பித்துவிட்டது. தரையெல்லாம் நீலம். நான் துணி தேடி ஓடிவருவதற்குள் அப்பாவின் ரோஜாக் கன்னத்தில் ஒன்றும் அருவியோடு போய்விட்டது. என் வீட்டுக்காரி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கத்தவில்லை, அதுதான் பயம். "மாமனாரை இத்தோட விட்டுருங்க. மூக்குக்குப் போகாதீங்க" என்றாள். அருவி இருந்த இடத்தில் ஒரு ரேடியோப் பெட்டி எட்டிப் பார்த்தது அக்கா. அப்பாவுக்குப் பின்னால் ரேடியோ இருந்தது உனக்குத் தெரியுமா?

உடனே படத்தைப் போர்வையில் சுற்றி பஸ்ஸில் ஏற்றினேன். போர்வை நழுவி ஒற்றைக் கன்னத்து அப்பா வெளியே தெரிந்ததும் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து இடம் கொடுத்தார். எங்கள் வகுப்பு எடுக்கிற அம்மாளுக்குப் பழைய படங்களைச் செப்பனிடுவதுதான் உத்தியோகம். எந்நேரமும் குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றிக்கொண்டே இருப்பதால் நான் அவருக்குப் பஞ்சு மேடம் என்று பெயர் வைத்திருக்கிறேன். அவர் விளக்கைச் சாய்த்துப் பிடித்து அப்பாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது ஒரு படம் இல்ல சார், ஒண்ணு மேல ஒண்ணா நாலு படம்" என்றார்.

எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. அப்பா குடைக்குத் துணி மாற்றுவாரே ஒழிய, புதுக் குடை வாங்கியதுண்டா? காலம் மாற மாறப் படத்தையும் அப்படித்தான் கடைத்தெரு ஓவியனிடம் கொடுத்து மாற்றியிருக்கிறார். அருவி கடைசியாக வந்தது. வீட்டுக்கு வீடு வண்ணக் காலண்டர் தொங்க ஆரம்பித்த காலம், அருவி இல்லாவிட்டால் மனிதனுக்கு மதிப்பில்லை. மலிவான நீர்ச்சாயம் வேறு, அதனால்தான் என் நாருக்கே பயந்துவிட்டது. அதற்கடியில் ரேடியோவும் கோட்டும். எல்லோரும் போட்டோ ஸ்டுடியோவுக்கு ஓடியதும் ஓவியர்களுக்குப் பிழைப்புப் போய்விடுமோ என்று கவலை, போட்டோ மாதிரியே வரைந்து தள்ளியிருக்கிறார்கள். ஒரு பக்கம் வெளிச்சம், சுவரில் தலையின் நிழல், கழுத்து சுளுக்கினாற்போல விறைப்பு. ஸ்டுடியோக்களில் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் மாட்டிவிட ஒரு கோட் தொங்குமாம், அதைப் பார்த்து ஓவியனும் அப்பாவுக்கு ஒன்று மாட்டிவிட்டான். ஆகவே கோட் விஷயத்தில் நீ சொன்னது சரி. ஒரு கோட்டுக்காக முழுப் படத்தையும் தூக்கிக் கொடுக்க முடியாது.

அதற்கும் கீழே ஒரே காவியும் கறுப்புமாக ஓர் அப்பா. அது பற்றாக்குறைக் காலம், கடையில் நல்ல சாயமே கிடைக்காது, அதனால் ஓவியன் கிடைத்த மண் நிறத்தை வைத்து ஒப்பேற்றினான் என்று பஞ்சு மேடம் சொன்னார். நான் இன்னொன்று சேர்த்துக்கொண்டேன்: அப்பா அப்போதுதான் ஆபீசில் தலைமைக் குமாஸ்தா ஆனார், நாற்காலியில் உட்கார்ந்தவன் உம்மென்று இருக்க வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சட்டம். நமக்குத் தெரிந்த அப்பா அவர்தான். புத்தகத்தைக் கையில் கொடுத்ததும் அந்தக் காவிக்காரன்தான் என்றார் மேடம். சரி, இருக்கட்டும், கொடுத்தானா இல்லையா?

இப்போது முக்கியமான செய்தி. மேலே இருந்ததை ஒவ்வொன்றாகப் பஞ்சால் எடுத்துவந்த மேடம், போன வாரம் புத்தகத்தை மட்டும் விட்டுவிட்டு அந்தக் காவியையும் எடுத்துவிட்டார். அடியில் இருப்பது முதல் ஓவியன் வரைந்த அப்பா. ஓவியர்கள் தங்கள் இருண்ட ஓவியக்கூடத்தை விட்டு வெளியே வந்து, பணக்காரர்களை விட்டுவிட்டுச் சாதாரண வீடுகளுக்குள் நுழைந்து, ஜன்னல் வெளிச்சம் மாறுவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்று தடித் தடியாகச் சாயத்தை அப்பிய காலமாம் அது. வெள்ளைச் சட்டை, கையை மடித்துவிட்டிருக்கிறார், தலை நிறைய முடி. அக்கா, அப்பா சிரிக்கிறார். பல் தெரியச் சிரிக்கிறார். நான் பிறந்ததிலிருந்து அந்த மனிதர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சற்று வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன். அதைவிட, கண் நம்மைப் பார்க்கவில்லை, குனிந்து கையில் இருக்கிற புத்தகத்தைப் பார்க்கிறது. புத்தகத்தின் மேல் எவ்வளவு ஆசை இருந்தால் ஒரு மனிதர் அப்படிச் சிரிப்பார்! எனக்கு இனி வேறு சாட்சி வேண்டாம்.

அந்த இடத்தில் மட்டும் சாயம் தடிமனாக இருப்பதால் புத்தகத்தைக் கடைசியாக எடுக்கப்போகிறாராம். அடியில் இதைவிடப் பழைய புத்தகம் ஒன்று இருக்கும் என்று நான் அடித்துச் சொல்லிவிட்டேன். "பார்க்கலாம் சார்" என்றார். ஆக, படம் என்னிடம்தான் இருக்கும். நீ வண்டி வைத்துக்கொண்டு அலைய வேண்டாம். வேண்டுமானால் ஒரு போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு மாமாவின் ஆசிகள், பேரக்குட்டிக்கு இரண்டு பங்கு. நீ படியில் பார்த்து ஏறு.

உன் அன்புத் தம்பி

பி.கு.: தபால் பெட்டிக்குப் போனவன் மனசு கேட்காமல் பஸ் ஏறிப் போய் பஞ்சு மேடத்தின் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். புத்தகம் போய்விட்டது. அடியில் புத்தகம் இல்லை. ஒரு குழந்தை. அப்பாவின் சட்டையை ஒரு கையால் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் நடு விரல்கள் இரண்டையும் வாயில் போட்டுக்கொண்டு அவரையே பார்க்கிறது. "யாரு சார் இது?" என்று மேடம் கேட்டார். "எங்கக்கா" என்றேன். ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வா, படத்தைக் கட்டித் தயாராக வைத்திருக்கிறேன். மேலே எழுதியதில் ஒன்று மட்டும் சரி, அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: ஓவியன் தன் காலத்தைத்தான் வரைகிறான். அந்தக் காலத்தில் நான் பிறக்கவே இல்லை.