மங்கி குல்லாவும் மஞ்சள் வளையமும்

கம்ப்யூட்டரை விரலால்கூடத் தொடாமல் கம்ப்யூட்டரை ஆண்டவர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் ஜவ்வாது மலையில் இருந்தார். சித்திரை வெயிலிலும் மங்கி குல்லாவைக் கழற்றாததால் அவருக்குக் குல்லா என்றே பெயர். சொந்தப் பெயர் சம்பள நாளில் மட்டும் காதில் விழும், மறுநாள் மறந்துவிடும்.

எண்பதுகளின் நடுவில் அங்கே மழையை அளந்து பதிவு செய்யும் சின்ன ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. பீரோ பருமனில் ஒரு கம்ப்யூட்டர், அதற்கு ஓர் ஏசி அறை. கண்ணமங்கலத்துக்காரனான நான், மெட்ராஸில் பதினைந்து நாள் பயிற்சி எடுத்துவிட்டு, அதைப் பராமரிக்க வந்திருந்தேன். வேலை நிரந்தரமாகியிருக்கவில்லை. குல்லாவுக்கும் என் வயதுதான். மலையில் சாமை பயிரிடும் குடும்பம். எங்களிடம் ஏசி அறைக் காவல். குல்லா அந்தக் குளிருக்குத்தான். வெளியே வந்தால் கழற்றலாமே என்று கேட்டேன்.

"மறுபடி உள்ள போவணுமே சார்" என்றார்.

கம்ப்யூட்டருக்குத் தூசு ஆகாது என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். செருப்பைக் கழற்றி, கால் கழுவித் துடைத்து, உள்ளங்காலைத் தூக்கிக் காட்டினால்தான் குல்லா கதவைத் திறப்பார். ஒருமுறை பெரிய அதிகாரி மேஜையை விரலால் தடவி, "தூசு இருக்கே" என்றார். குல்லா அந்த விரலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நீங்க வெளியில இருந்து கொண்டாந்ததுங்க" என்றார். தன் அறையில் தூசு என்று அவர் ஒப்புக்கொண்டதே இல்லை.

அறையில் நடப்பதையெல்லாம் பதிவேட்டில் எழுதுவதும் அவர் பொறுப்பு. எல்லாம் என்றால் எல்லாம். 'பத்து இருபதுக்கு சார் தும்மினார். பத்து இருபத்தைந்துக்கு மறுபடியும்.' மாதாமாதம் அது பெரிய அதிகாரியிடம் போகும். என் ஜலதோஷத்தின் முழு வரலாறும் அவருக்குத் தெரியும்.

ஆறு வருடத்து மழைத்தாள்களை நான் எட்டு மாதமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைதோறும் டிஸ்க்கில் இருப்பதை டேப்பில் நகல் எடுக்க வேண்டும். அதற்கு நானே ஒரு புரோகிராம் எழுதினேன். முடிந்ததும் 'வெற்றி' என்று அச்சடித்துக் கொடுக்கும். கம்ப்யூட்டர் கம்பெனி எஞ்சினியர் வந்து செய்து காட்டியபோது இருபது நிமிடம் ஆன வேலை எனக்கு இரண்டே நிமிடத்தில் முடிந்தது. என் திறமை என்று நினைத்துக்கொண்டேன்.

குல்லா மட்டும் வாராவாரம் கேட்பார், "மொளைச்சுதா சார்?"

"இன்னா மொளைக்கணும்?"

"வெதைய எடுத்து வெச்சா, ஒரு பிடிய ஈரத்துணியில கட்டிப் பாப்போம். மொளைச்சாத்தான் வெதை. நீங்க ஒரு தபாவாச்சும் அந்த டேப்புல இருந்து திருப்பி எடுத்துப் பாத்தீங்களா?"

"வெற்றின்னு அச்சடிச்சிருக்கே, பாக்கல?"

"அது நீங்க எழுதினதுதானே."

எட்டு மாதமும் அவரை விரட்டிக்கொண்டே இருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை, எஞ்சினியர் வந்து டிஸ்க்கை மாற்றுவதாக இருந்தது. பழையது அவரோடு போய்விடும். தாள்களை ஏற்கெனவே கரையான் தின்றிருந்தது. எல்லாம் டேப்பில் பத்திரம் என்று நான் பெரிய அதிகாரிக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை காலை, குல்லாவின் வாயை அடைப்பதற்காகவே டேப்பிலிருந்து ஓர் ஊரின் மழைக் கணக்கைத் திருப்பி எடுத்தேன். ஒன்றும் வரவில்லை. அடுத்த டேப்பிலும் இல்லை. எல்லாமே காலி. அந்த ஏசியிலும் என் சட்டை நனைந்தது. என்ன தப்பு நடந்தாலும் 'வெற்றி' என்றே அச்சடிக்கும்படி நான் எழுதி வைத்திருந்தது அப்போதுதான் உறைத்தது.

கையேட்டைப் புரட்டினேன். டேப்பின் முதுகில் ஒரு வளையம் மாட்டியிருந்தால்தான் எழுதும் என்று போட்டிருந்தது. டேப்புகளோடு வந்த மஞ்சள் வளையங்களை வெறும் பேக்கிங் சாமான் என்று நினைத்து முதல் நாளே குப்பையில் போட்டவன் நான். புதிதாக வர ஒரு வாரமாகும்.

குல்லா கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்து வந்தார். அத்தனை வளையங்களும் அதில் கோத்திருந்தன.

"இதுங்களா பாருங்க."

"இன்னாத்துக்கு எடுத்து வெச்சீங்க?"

"டேப்புகூட வந்துச்சே. ஒதவாததையா கூட அனுப்புவான்?"

"அப்பவே சொல்லக்கூடாதா?"

"நீங்கதான் கம்ப்யூட்டரு படிச்சவரு."

வளையத்தை மாட்டினேன். டேப் இருபது நிமிடம் சுற்றியது. "இப்ப மொளை கட்டிப் பாருங்க" என்றார். திருப்பி எடுத்தேன். வந்தது குல்லாவின் ஊர்க் கணக்கு. ஐப்பசியில் இருபத்தோரு நாள் மழை என்று படித்தேன்.

"ஆமாங்க. அறுக்க வேண்டிய சாமை நின்ன எடத்துலயே மொளைச்சுப் போச்சு அந்த வருசம். சரியான வெதைதான் சார்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரோ பதிவேட்டைத் திறந்துவிட்டார். அதை அதிகாரி படித்தால் என் வேலை அவ்வளவுதான்.

"இதையும் எழுதுவீங்களா?"

"நடந்தத எழுதாம எப்டி சார்?"

அவர் டீ குடிக்கப் போனதும் எடுத்துப் படித்தேன். 'டேப்புக்கு வளையம் மாட்டினோம். இருபது நிமிடம் சுற்றியது. முளைத்தது. அறையில் தூசு அதிகம். அதனால் சாருக்குக் கண் கலங்கியது.'

என் வேலை நிரந்தரமானது. தூசுக்காக அவருக்கு ஒரு மெமோ வந்தது. அதை மடித்துக் குல்லாவுக்குள் செருகிக்கொண்டு, "கால் கழுவினீங்களா சார்?" என்றார். அன்றைக்கு மூன்று தரம் கழுவினேன்.