வாளி அண்ணனின் வெறும் பந்தி

செஞ்சி வட்டாரத்தில் வாளி அண்ணன் கையால் சாம்பார் வாங்காமல் யாருக்கும் கல்யாணம் ஆனதாகச் சரித்திரம் இல்லை. ஐந்நூறு பேர் பந்தியில் யாருக்கு முருங்கைக்காய் ஆகாது, யார் பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போடுவார் என்பதெல்லாம் மனுஷனுக்கு மனப்பாடம். வாயும் ஓயாது, காலும் நிற்காது.

சிங்கவரத்துக் கல்யாணம் ஒன்றில் எச்சில் இலை வழுக்கி விழுந்தார். சாம்பார் ஒரு சொட்டு சிந்தவில்லை. முட்டி ஜவ்வுதான் அறுந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து பிசியோதெரபிக்கு வந்த இடத்தில் எனக்குக் கூட்டாளியானார். நான் பைக்கிலிருந்து விழுந்து அதே ஜவ்வை அறுத்துக்கொண்டவன். முட்டி வைத்தியத்தை மாடியில் வைத்திருந்த அந்த மகானுபாவரை இருவரும் சேர்ந்தே திட்டுவோம்.

வெறுமனே நடக்கச் சொன்னால் அண்ணன் மாப்பிள்ளை மாதிரி நடந்தார். பிசியோ மேடம் அதோடு விடவில்லை.

“மிருகங்க பேரைச் சொல்லிக்கிட்டே நடங்கண்ணா.”

“ஆடு… மாடு…” கால் நின்றுவிட்டது. “இரும்மா, நின்னு யோசிச்சி சொல்றேன்.”

“நிக்கக் கூடாதுண்ணா. புது ஜவ்வு இன்னும் பழகல. ஒவ்வொரு அடியையும் மூளைதான் பார்த்துப் பார்த்து வைக்குது. அதுக்கு வேற வேலை குடுத்தா காலை விட்டுடுது.”

அண்ணன் முகம் செத்துவிட்டது. சமையல் மாஸ்டர் ஏற்கெனவே கறாராகச் சொல்லியிருந்தார்: தடுமாறாமல் பரிமாற முடிந்தால் பந்தி, இல்லையென்றால் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க வேண்டியதுதான்.

மறுநாள் பாத்ரூம் வாளியோடு வந்து நின்றார்.

“ஆடு மாடுலாம் நமக்கு ஆவாது. எல்லாரும் வரிசையா குந்துங்க. இன்னா வேணும், கேளுங்க!”

நொண்டிகள் எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். “காய் வேணாம்ணே, தண்ணியா ஊத்துங்க” என்றேன். அந்த இடத்திலேயே அண்ணன் கால் நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த ரிட்டயர்டு வாத்தியார் வேண்டுமென்றே மோர்க்குழம்பு கேட்பார். எனக்கு அவரை அடிக்கலாம் போல இருக்கும். இப்படியே வாரக்கணக்கில் வெறும் வாளிப் பந்தி நடந்தது.

ஒருநாள் அண்ணன் வாத்தியாரோடு சண்டை போட்டுக்கொண்டே வரிசை முழுக்கப் போனார், திரும்பினார், வந்தார். கடைசி நாற்காலியில் மேடமே உட்கார்ந்திருந்தார்.

“எனக்கு ரசம்ணா.”

“சாம்பாரே இன்னும் முடியல, அதுக்குள்ள ரசமா? இரும்மா!”

கால் நிற்கவே இல்லை. எல்லோரும் கைதட்டினோம். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்குக் காரணம் உண்டு. என் முட்டி சரியாகி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அண்ணன் பந்தியில் ஓர் இடம் காலியாக இருக்கக் கூடாதே என்றுதான் தினமும் மாடி ஏறி வந்து உட்கார்ந்துகொண்டிருந்தேன்.