சஃபாரி சொல்தாவும் ஆறு காடுகளும்

எனக்கு எழுபத்தாறு வயது. ஆதார் அட்டையில் எழுபத்திரண்டு என்று இருக்கும். அதை நம்பாதீர்கள், பதிந்தவர் அவசரத்தில் இருந்தார். பெற்றது ஐந்து, தங்கை விட்டுப்போனது இரண்டு, ஆக ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். இது போக, முப்பது வருடமாகப் புதுச்சேரியில் எங்கள் குருசுக்குப்பத்துப் பெண்களை வேனில் ஏற்றிக் கோயில் கோயிலாகக் கூட்டிப்போய், ஒருத்தியைக்கூடத் தொலைக்காமல் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன். இத்தனை பேரைப் பார்த்த இந்தக் கண், சஃபாரி சொல்தாவைப் போல இன்னொரு மனிதரைப் பார்த்ததில்லை. வீட்டு வாசலை விட்டு இறங்காமலேயே இரண்டு வருடம் ஆப்பிரிக்கா முழுக்க ஜீப் ஓட்டியவர் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனில் வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். இவர் எங்களுக்கு எதிர்வீடு. சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும், தபால்காரருக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அவர் மிசே, பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். எழுபது தாண்டியும் முதுகு வளையாது. காலையில் காக்கி அரைக்கால்சட்டை, கழுத்தில் பைனாகுலர், வாயில் விசில். கீரைக்காரி வந்தால்கூடப் பைனாகுலரில் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார்.

"முருங்கக்கீர! வடகெழக்கு! நாப்பது மீட்டர்!" என்று உள்ளே குரல் கொடுப்பார்.

உள்ளேயிருந்து அவர் வீட்டம்மா செலின் மதாம், "மொளக்கீர இருக்குதானு பாருங்க" என்பார், தலையைக்கூடத் தூக்காமல்.

இந்த மனிதருக்குக் காட்டுப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் ஆடு. பட்டாளத்தில் ஆறு வருடம் ஜிபூட்டியில் இருந்தார். அதுவும் ஆப்பிரிக்காதான். சமையல் பிரிவு. மதாம் இங்கே தனியாகப் பிள்ளையை வளர்த்தார். ஒவ்வொரு லீவுக்கும் இவர் வந்து பெட்டியை இறக்கியதும் மதாம் ஆசையாகக் கேட்பாராம்.

"யான பாத்தீங்களா?"

"இல்ல."

"சிங்கம்?"

"ஆடு பாத்தேன்."

ஆறு வருடமும் ஆடுதான். அதுவும் குழம்பு வைக்கிற ஆடு. ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டு வந்தவன் பெண்டாட்டியிடம் ஆட்டைப் பற்றிப் பேசினோமே என்கிற வெட்கம் அவரை விடவே இல்லை. பிரான்சில் வேலைக்குப் போன மகன், "அம்மாவக் கூட்டிக்கினு எங்க போவணும்னு சொல்லுப்பா, டிக்கெட் போடறேன்" என்றதும் அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. யானை.

யோசிக்க நேரமும் இல்லை. மதாமுக்கு இடுப்பெலும்பு தேய்ந்துகொண்டே வந்தது. கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் துணைக்குப் போயிருந்தேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உக்கார முடியறப்பவே போவ வேண்டிய எடத்துக்கெல்லாம் போய்ட்டு வந்துடுங்கம்மா." மறுநாள் அவர் வீட்டுக் கூடத்தில் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு வரைபடம் ஏறியது.

ஆறு காடு. கென்யா, தான்சானியா என்று இரண்டு தேசம். எல்லாம் சாலை வழியாக. ஒவ்வொரு காட்டிலும் ஒரு குண்டூசி, ஊசிக்கு ஊசி சிவப்பு நூல். மசாய் மாரா, செரங்கெட்டி, அம்போசெலி எல்லாம் எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. நடுவில் ஒன்று இருந்தது, கொரொங்கொரோ என்றோ என்னவோ. அதைச் சொல்ல என் பல்செட்டு இடம் கொடுக்கவில்லை.

"யக்கா, நீங்கதான் முப்பது வருசமா வண்டி கட்டறீங்க. இதப் பாத்து ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார்.

கேட்டால் சும்மா இருப்பேனா? "எத்தினி நாளு மிசே?" என்றேன்.

"பன்னெண்டு."

"ஆறு காட்டுக்குப் பன்னெண்டு நாளா? கும்பகோணத்துல தங்கி விடியக்காலம் கெளம்புனா, ஒம்போது கெரகத்தையும் பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிடுவேன். நடுவுல புளிசாதமும் போட்டுடுவேன்."

அவர் கண் விரிந்தது. நோட்டை எடுத்தார். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து நவக்கிரகச் சுற்றுலா மாதிரியே ஆப்பிரிக்காவுக்கு ஒரு திட்டம் போட்டோம். இன்றைக்கு நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. காலை நாலு மணிக்குக் கிளம்புவது. சிங்கம் பதினைந்து நிமிடம். யானை இருபது நிமிடம். கூட்டம் இருந்தால் அரைமணி. ஒட்டகச்சிவிங்கியை வண்டியில் போகும்போதே பார்த்துக்கொள்ளலாம், கோபுர தரிசனம் மாதிரி.

மதாம் கேட்டார்: "சிங்கம் அந்த நேரத்துக்கு வரலன்னா?"

"நட சாத்தியிருக்குன்னு அடுத்த எடத்துக்குப் போவ வேண்டியதுதான்" என்றேன்.

திட்டம் தயாரானால் பட்டாளத்துக்காரர் சும்மா இருப்பாரா? ஒத்திகை என்றார். என் வேனையே பேசினார். எங்கள் தெருப் பெண்கள் நாலு பேர், மதாம், நான். குருசுக்குப்பம்தான் நைரோபி. கருவடிக்குப்பம் அம்போசெலி. கோரிமேடு தான்சானியா எல்லை. அதில் மட்டும் அவர் சொன்னது சரி; அங்கே நிஜமாகவே புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது.

கருவடிக்குப்பத்தில் ரோட்டோரம் ஒரு எருமை நின்றது. "அலே! கேமராவ எடுங்க! யாரும் எறங்காதீங்க, சத்தம் போடாதீங்க!" என்று சொல்தா விசில் ஊதினார். அந்த விசிலுக்கு எருமை மிரண்டு ஓடி, எருமைக்காரர் எங்களைத் துரத்திக்கொண்டு வந்தார். "பாத்தீங்களா, இப்பிடித்தான் இருக்கும் அங்கயும்" என்றார் சொல்தா, பெருமையாக.

கோரிமேட்டில் எல்லாரையும் இறக்கினார். மதாமுக்கு மட்டும் விதிவிலக்கு. "அத்தான்சியோன்!" என்றதும் நாங்கள் வரிசையில் நின்றோம், கையில் பாஸ்போர்ட்டுக்குப் பதில் ரேஷன் கார்டு. வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு போலீஸ்காரர் வந்தார்.

"இன்னா கும்பல் இங்க?"

"பார்டர் கிராஸ் பண்றோம்" என்றார் சொல்தா, சல்யூட் அடித்து.

போலீஸ்காரர் எங்களைப் பார்த்தார், ரேஷன் கார்டுகளைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார். "பண்ணுங்க. யாரு வேணான்னது? ஊரே தெனம் பண்ணுது."

ஆனால் சொல்தா பார்த்தது எருமையையும் இல்லை, எல்லையையும் இல்லை. முன் சீட்டில் இருந்து நான் கண்ணாடியில் கவனித்தேன். முன் சீட்டு என்றைக்கும் என்னுடையது. ஏறுவதற்கு முன்பே அதில் என் துண்டை விரித்துவிடுவேன், டிரைவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அங்கிருந்து பார்த்தால் பின்னால் எல்லாம் தெரியும். கால் மணிக்கு ஒரு தரம் சொல்தா கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கேட்பார்: "செலின்?" மதாம் சொல்வார்: "சவா." நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். இரண்டு மணி நேரம் கழித்து மதாம் சொன்ன சவா, கண்ணை மூடிக்கொண்டு சொன்னது. முன்னாலிருந்த கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

"மூணு மணி நேரம் தாங்குவேன்னு எழுதிக்குங்க" என்றார் மதாம்.

அவர் எழுதிக்கொண்டார். ஆனால் இரண்டு என்றுதான் எழுதினார். எழுத்து எனக்குக் கூட்டிக் கூட்டித்தான் வரும், நம்பர் நன்றாக வரும்.

அன்றைக்கு ராத்திரிக்குள் திட்டத்தைப் பிரித்து மேய்ந்துவிட்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நிறுத்தம், படுக்க இடம், வெந்நீர் ஒத்தடம். எல்லாம் அதே பன்னிரண்டு நாளுக்குள் பொருந்திவிட்டது. எப்படிப் பொருந்தியது என்றால், மசாய் மாராவும் செரங்கெட்டியும் படத்தில் ஒட்டினாற்போல் இருக்கின்றன. இது கென்யா, அது தான்சானியா, நடுவே ஒரு கோடு. "கோட்டத் தாண்டுனா அந்தக் காடு. அர மணி வேல!" என்று சுவரில் தட்டிக் காட்டினார்.

எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. புதுச்சேரிக்காரர்களைக் கேட்டால் எல்லை என்பது என்ன? பாகூருக்குப் போவதற்குள் புதுச்சேரி முடிந்து, தமிழ்நாடு வந்து, மறுபடி புதுச்சேரி வந்துவிடும். வரிசையாகப் பிராந்திக்கடை இருந்தால் நம் ஊர், சட்டென்று காணாமல் போனால் அடுத்த ஊர். அதற்காக யாராவது வண்டியை நிறுத்துவார்களா?

நைரோபியில் வண்டி ஏற்பாடு செய்கிறவர் போனில் முகம் காட்டினார். சொல்தா பிரெஞ்சில் கேட்டார், அவர் இங்கிலீஷில் சொன்னார், கடைசியில் இரண்டு பேரும் கையால் பேசிக்கொண்டார்கள். அந்தக் கோட்டைத் தாண்ட வண்டிக்கு வழி கிடையாதாம். மிருகங்கள்தான் போகுமாம், வருமாம். மனிதர்கள் வெகுதூரம் சுற்றி, வேறொரு இடத்தில் எல்லையைத் தாண்டி, அந்தப் பக்கமாக வரவேண்டுமாம். ஒரு முழு நாள், வண்டியிலேயே.

"காட்டு மாடு போவுது! பாஸ்போர்ட்டு இல்லாத மாடு மந்த மந்தையாப் போவுது! நான் பிரான்ஸ் பாஸ்போர்ட்ட வெச்சிக்கினு சுத்திக்கினு போவணுமா?" என்று தெருவே அதிரக் கத்தினார். இரண்டு சர்க்காருக்கும் பிரெஞ்சில் ஆளுக்கொரு கடிதம் எழுதித் தபாலில் போட்டார். பதில் வரவில்லை. மாடுகளுக்கு எழுதியிருந்தால் வந்திருக்கும்.

அதன் பிறகு ஒரு வாரம் எதிர்வீட்டில் விசில் சத்தமே இல்லை. கீரைக்காரி தானாகவே கதவைத் தட்டினாள். நான் போய்ப் பார்த்தபோது வரைபடம் சுவரில் இல்லை. சுருட்டி அலமாரி மேல் கிடந்தது. சொல்தா பின்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், பட்டாளத்துக்கே சமைக்கிற மாதிரி ஒரு கூடை.

மதாம் என் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னார்: "எனக்கு யான பாக்கணும்னே இல்ல யக்கா. அவருக்குக் காட்டணும்னு இருக்குது. அது நடக்கலன்னா இந்த மனுசன் உக்காந்துடுவாரு."

வேன் கட்டுகிறவளுக்கு இதைவிட அவமானம் இல்லை. ஏறிக்கொள்ள ஆள் இருக்கிறது, போகிற இடம் இருக்கிறது, வழிதான் தெரியவில்லை.

வழி மாசி மகத்தன்று கிடைத்தது. எங்களுக்குப் பக்கத்திலேயே வைத்திக்குப்பம் கடற்கரை. சர்ச்சுக்குப் போகிற மதாமும் வருஷா வருஷம் வந்துவிடுவார். அந்த வருடம் நடக்க முடியாததால், சொல்தாவும் நானும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிப்போய் நிழலாகப் பார்த்துப் போட்டு உட்காரவைத்தோம். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்தபடி இருந்தன. பெருமாள் வந்தார், ஈஸ்வரன் வந்தார், முருகன் வந்தார், எந்த ஊர் என்றே தெரியாத அம்மன்கள் வந்தார்கள். மதாம் நாற்காலியை விட்டு அசையவில்லை. எல்லாரையும் பார்த்துவிட்டு, சுண்டலையும் தின்று முடித்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சொல்தாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"மிசே, இத்தினி சாமியப் பாக்க நாம எத்தினி ஊருக்குப் போனோம்?"

"இன்னாக்கா கேக்கறீங்க? இங்கதான உக்காந்திருக்கோம்."

"சாமிங்க ஏன் இங்க வருது?"

"தண்ணிக்கு…" என்றவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். பைனாகுலர் கழுத்தில் ஆடியது.

"உங்க யானைக்குத் தண்ணி வேணாமா?" என்றேன்.

மனிதர் கூட்டத்துக்கு நடுவில் விசிலை எடுத்து ஊதினார் பாருங்கள், ஒரு பல்லக்கு நின்றேவிட்டது.

மறுநாள் நைரோபிக்காரரிடம் அவர் காட்டின் பெயரைக் கேட்கவில்லை. தண்ணீர் எங்கே இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வராந்தா இருக்கிறதா என்று கேட்டார். ஆறு காடு இரண்டு காடானது. இரண்டும் ஒரே தேசம், எல்லையே தாண்ட வேண்டாம். அம்போசெலியில் யானைகள் சதுப்பில் இறங்கி நிற்குமாம். இன்னொரு காடான சாவோவில் தங்குகிற இடத்தின் முன்னாலேயே குட்டையாம். வழியில் இரண்டு மணிக்கொரு நிறுத்தம். பன்னிரண்டு நாளும் அப்படியே இருந்தது. பதினைந்து நிமிடத் தரிசனத்தை நானே நோட்டிலிருந்து அடித்தேன்.

என்னையும் கூப்பிட்டார். பாஸ்போர்ட்டுக்குப் படிவமே கொண்டுவந்துவிட்டார். "நீங்க இல்லாம வண்டி எப்பிடிக்கா கெளம்பும்?"

"அரிசி ஊற வெச்சிருக்கேன் மிசே" என்றேன்.

பன்னிரண்டு நாளைக்கா ஊறும் என்று அவர் கேட்கவில்லை. நிஜம் என்னவென்றால் எனக்கு விமானத்தில் ஏறப் பயம். ஏழு பேரை வளர்த்தவள் அதை வாய்விட்டுச் சொல்வேனா?

போனார்கள். ஐந்தாம் நாள் போட்டோ வந்தது, என் பேத்தி போனைப் பெரிதாக்கிக் காட்டினாள். வராந்தாவில் மதாம், மடியில் போர்வை, வாய் பிளந்தபடி. எதிரே தண்ணீரில் யானைகள், குட்டியும் பெரிசுமாக எண்ண முடியவில்லை. பக்கத்தில் சொல்தா, கண்ணில் பைனாகுலர். அவர் யானையைப் பார்க்கவில்லை. இரண்டடி தூரத்தில் இருந்த மதாமின் முகத்தைப் பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்தது ஜீப்பின் படம். டிரைவர் பக்கத்துச் சீட்டில் ஆள் இல்லை. ஒரு துண்டு விரித்திருந்தது.

திரும்பி வந்ததும் கேட்டேன், "அது இன்னா மிசே, எடத்த வீணாக்கிக்கினு?"

"டிரைவரும் தெனம் கேட்டான். இது எங்க யக்கா சீட்டு, யாரும் உக்காரக் கூடாதுன்னு சொல்லிட்டேன்" என்றார். "பன்னெண்டு நாளும் ஒருத்தனையும் உக்கார விடல."

இப்போது அவர்கள் பிரான்சில் மகனோடு இருக்கிறார்கள். மதாமுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆயிற்று. எதிர்வீடு பூட்டியிருக்கிறது, சாவி என்னிடம். கீரைக்காரி வந்தால் யாரும் திசை சொல்வதில்லை. போன மாதம் திருநள்ளாறுக்கு வேன் கட்டினேன். முன் சீட்டில் என் துண்டை விரித்தேன். அதற்கு நேர் பின்னாலிருந்த இரண்டு சீட்டிலும் ஒரு போர்வையை விரித்துப் போட்டேன். டிரைவர் அதைப் பார்த்துவிட்டு, ஏற வந்தவர்களை அதற்கும் பின்னால் போகச் சொன்னான்.

பாட்டி சொல்லச் சொல்ல எழுதுனது போதும் கண்ணு, பேனாவ வை. இப்ப மொதல்லேருந்து படிச்சுக் காட்டு. மொளக்கீர வர்ற எடத்துல மட்டும் மெதுவாப் படி. ஞாயித்துக்கெழம போன்ல அவங்களுக்குப் படிக்கணும், அந்த எடத்துல மதாம் சிரிப்பாங்க.