மாமியார் லைனுக்கு வச்ச வேகத்தடை

பொண்டாட்டிகிட்ட புருஷன் தோத்த கதை கேக்கத்தானே வந்தீங்க? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. ஏமாந்தீங்க. இதுல நான் ஜெயிக்கிறேன். கொஞ்ச நாள் ஜெயிக்கிறேன்.

அமெரிக்காவுல, நாலு மணி நேரம் தள்ளி ஃபார்கோ ஊர்ல இருக்கிற மாமியார் கெர்டாவுக்கு, குளிர்காலம் முழுக்க டுலூத்ல எங்க வீட்டுல தங்கலாம்னு ஒரு யோசனை. தங்கினா எங்க தங்குவாங்க? பேஸ்மென்ட்ல. அங்க யாரு இருக்கா? நான், என் டிவி, என் ஹாக்கி. ஞாயித்துக்கிழமை வீடியோ கால்லதான் அம்மாவும் பொண்ணும் தேதி குறிக்கணும். அந்தப் பேச்சு தள்ளிப் போயிக்கிட்டே இருந்தா பனி கொட்டிடும், ரோடு மூடிடும், மாமியார் ஃபார்கோவுலயே.

எங்க வீட்டு இன்டர்நெட்டப் பிரிச்சுக் குடுக்கிறது ஒரு பழைய கம்ப்யூட்டர். லினக்ஸ் போட்டு நானே செஞ்சது. ஒரு வயர் என் டிவிக்கு, இன்னொண்ணு என் பொண்டாட்டி மாரிட் ரூமுக்கு. கம்ப்யூட்டர் அதுகளுக்கு வச்ச பேரு ஈத் ஜீரோ, ஈத் ஒன். நான் ஜீரோ, அவ ஒன். ஈத் ஒன்னுக்கு ‘நத்தை மாதிரி போ’ன்னு ஒரு உத்தரவு எழுதி வச்சேன்.

ஞாயித்துக்கிழமை கெர்டா வாயத் தொறந்தாங்க. தொறந்த வாய் மூடல. பல் டாக்டர்கிட்ட காட்டற மாதிரி அப்படியே நின்னுட்டாங்க. நான் ரொம்ப வருத்தப்பட்டேன். வருத்தப்பட்டு முடிச்சிட்டு கீழ போயி மேட்ச் பாத்தேன். அடுத்த ஞாயிறும் அதே வருத்தம், அதே மேட்ச்.

பெருமை தாங்கல. பக்கத்து வீட்டு ஆர்விட்கிட்ட, படகுல மீன் பிடிக்கறப்ப சொல்லிட்டேன். யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னேன். ‘விடுவேனா லைல்?’னான்.

அதுக்கடுத்த ஞாயிறு ஆர்விட்டும் மேட்ச் பாக்க வந்தான். ஆரம்பிச்ச கையோட மேட்ச் நின்னுபோச்சு. கோல் போடப் போனவன் மட்டைய ஓங்கினபடி செலையா நிக்கிறான். மாடியில ஒரே சிரிப்பு. ஓடினேன். திரையில கெர்டா பளபளன்னு இருக்காங்க, மூக்கு மேல மரு கூடத் தெரியுது.

“வெள்ளிக்கிழமை கெளம்பறேன் மாப்ள. ஏப்ரல் வரைக்கும் இருப்பேன்.”

கீழ வந்து கம்ப்யூட்டரக் கிண்டினேன். அப்டேட் ஆயிருக்கு. ரெண்டு வருஷமா அது ‘அப்டேட் பண்ணவா’ன்னு கேக்கும், நான் ‘அப்புறம்’னு அழுத்துவேன். இப்ப ஆயிருக்கு. தூங்கி எந்திரிச்ச கம்ப்யூட்டர் வயரெல்லாம் புதுசா எண்ணிப் பேரு வச்சிருக்கு. ஜீரோ ஒன்னாச்சு, ஒன் ஜீரோவாச்சு. உத்தரவு பேரத்தான் பாக்கும், ஆளப் பாக்காது. இப்ப நத்தை நான்.

ஆர்விட்டுக்குக் கேக்கு எடுத்துக்கிட்டு மாரிட் வந்தா.

“என்னப்பா ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. மெஷின் தானா அப்டேட் பண்ணிக்கிச்சு.”

“அடப்பாவமே. தானாவா?”

“தானாத்தான். அதுக்கென்ன அறிவா இருக்கு?”

ஆர்விட் வாய் நெறையக் கேக்கு.

“தானா எப்படிடா ஆகும் லைல்? மாரிட்தான் அழுத்தினா. போன கேக்குக்கு நீ எழுதின உத்தரவச் சொன்னேன். இந்தக் கேக்குக்கு, வயர் பேரையே மாத்திப் போடற பட்டன் எதுன்னு காட்டினேன்.”