சுண்டுவிரல் நகமும் உலகக் கோப்பையும்

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. அங்கே ஆண்களுக்கான உலக வாட்டர் போலோ போட்டி நடந்தது. நாட்டுக்கு ஏழு பேர். தரையில் கால் ஊன்றாமல், நீந்திக்கொண்டே பந்தை வலைக்குள் போடவேண்டும். ஆண்கள் போட்டி என்பதால் ஒருவரும் துண்டு எடுத்து வரவில்லை.

அன்று இறுதி ஆட்டம். மேற்குக் காட்டு அணிக்குக் கேப்டன் நீர்நாய். கோல்கீப்பர் ஆமை. மற்ற ஐவரும் கேப்டனின் மச்சான்கள். தேசிய அணியை வேறு எப்படித்தான் தேர்ந்தெடுப்பார்களாம்? எதிரணியில் ஏழு முதலைகள்.

தண்ணீரில் இறங்குமுன் நகப் பரிசோதனை. நீண்ட நகம் எதிராளியைக் கீறிவிடுமாம். வெள்ளைச் சட்டை நடுவரான கொக்கு, பள்ளி அசெம்பிளியில் சிஸ்டர் பார்ப்பதுபோல ஒவ்வொரு கையாகத் திருப்பிப் பார்த்தது. முதலைகள் கச்சிதமாக வெட்டி, ராவி வந்திருந்தன. "வெரி குட்," என்றது கொக்கு. பல்லைப் பற்றி விதிப்புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை.

ஆமையிடம் வந்ததும் விசில் பறந்தது. சுண்டுவிரல் நகம் மட்டும் ஓர் அங்குலம்.

"வெட்டித் தொலைடா! கோப்பை போயிடும்!" என்று கெஞ்சியது நீர்நாய்.

"காது குடைய வேணும், கேப்டன்."

"உனக்குக் காதே வெளியில கிடையாதேடா!"

"அதனாலதான் இவ்வளவு நீளம் தேவைப்படுது."

ஆமையைக் கரையிலேயே உட்கார வைத்துவிட்டு ஆறு பேரோடு ஆட்டம் தொடங்கியது. முதல் நிமிடத்திலேயே மூத்த மச்சானைக் காணோம்.

"சார்! முழுங்கிட்டான் சார்!"

"நகம் பட்டதா?"

"இல்ல சார், பல்லு."

"ஆட்டம் தொடரட்டும்."

இரண்டாவது மச்சானுக்கும் அதே கேள்வி, அதே பதில். ஐந்தாவது மச்சான் போனபோது கொக்கு அந்தக் கேள்வியைக்கூடக் கேட்கவில்லை.

நீர்நாய் அலறிக்கொண்டு கரையேறியது. கோப்பையாவது, மண்ணாங்கட்டியாவது! அங்கே ஆமை கண்ணை மூடி, இல்லாத காதைச் சுகமாகக் குடைந்துகொண்டிருந்தது.

நீர்நாய் இரண்டு கைகளையும் கொக்கின் அலகுக்கு நேரே நீட்டியது. "என்னையும் வெளியே அனுப்பிடுங்க சார். நல்லாப் பாருங்க, எங்கேயாவது கொஞ்சம் வளர்ந்திருக்கும்."

கொக்கு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்து விரலையும் பொறுமையாகப் பார்த்தது. பிறகு முதுகில் தட்டிக்கொடுத்தது.

"என்ன சுத்தம், என்ன சுத்தம்! உன்னைப் பார்த்துத்தான் மத்தவங்க கத்துக்கணும். இறங்கு."

நீதி: நகத்தை ஒழுங்காக வெட்டுங்கள், இல்லாவிட்டால் முதலைக்குத் தொண்டையில் உறுத்தும்.